கையில் 600 டாலர்: பியர் பக்கம் போடவா, வாலைப் பக்கம் போடவா? (நியூசிலாந்து)

சாண்ட்ரிங்காம்_சமையல் (ஆக்லாந்து)

எல்லாருக்கும் வணக்கம். கராஜில் பியர் போடுகிறேன், மாதத்துக்கு ஒரு தடவை கொஞ்சம் சாராயம் வடிக்கவும் செய்கிறேன். என்னிடம் இருப்பவை: மால்ட்டை வெந்நீரில் ஊற வைக்க, பம்போடு வரும் 30 லிட்டர் எலக்ட்ரிக் மேஷ் பானை, தண்ணீர் ஓடும் செப்புச் சுருள், புளிக்க வைக்க 30 லிட்டர் பிளாஸ்டிக் ஃபெர்மென்டர் இரண்டு, மேலே ரிஃப்ளக்ஸ் தூண் (ஆவியில் ஒரு பங்கைக் குளிரவைத்துத் திரும்பக் கீழே இறக்குவது) வைத்த 25 லிட்டர் வாலை, அதாவது வடிக்கிற பாத்திரம். வாலைக்குத் தண்ணீர் தோட்டத்துக் குழாயிலிருந்து போகிறது. ஃபெர்மென்டர்கள் கராஜ் மூலையில் தரையிலேயே இருக்கின்றன.

மூன்று தொல்லை. டிசம்பரிலிருந்து மார்ச் வரை போடுகிற பியரில் நெயில் பாலிஷ் வாடையும் தொண்டையில் ஒரு காரமும் வந்துவிடுகிறது. வடிக்கும்போது வீட்டில் யாராவது வாஷிங் மெஷினைப் போட்டால் தூண் தலையில் இருக்கிற வெப்பமானி தாறுமாறாக ஆடுகிறது. மூன்றாவது, ஜின்னுக்காக எடுக்கிற ஸ்பிரிட்டைக் கரியில் வடிகட்டினாலும் ஒரு புழுக்க வாடை போக மாட்டேன் என்கிறது.

செலவுக்கு 600 டாலர் ஒதுக்கியிருக்கிறேன். தூணுக்கு மேல் இன்னொரு 60 சென்டிமீட்டர் துண்டு சேர்த்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நண்பர் சொல்கிறார். அனுபவசாலிகள் என்ன சொல்கிறீர்கள்?

---

மட்டுறுத்துநர்

வழக்கமான குறிப்பு. நியூசிலாந்தில் 1996 முதல் சொந்த உபயோகத்துக்கு வீட்டில் சாராயம் வடிக்கலாம். கலால் உரிமம் இல்லாமல் விற்றால் குற்றம். மற்ற நாட்டுக்காரர்கள் இதைப் படித்துவிட்டு நமக்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆஸ்திரேலியா, பிரிட்டன், கனடா, அமெரிக்கா எங்கேயும் உரிமம் இல்லாமல் வீட்டில் வடிக்க முடியாது. பியர் போடுவது வேறு, வடிப்பது வேறு. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் என்ன நிலை என்று உங்களுக்கே தெரியும். அங்கிருந்து எழுதுகிறவர்கள் வாலை பற்றிய கேள்வியோடு வர வேண்டாம், பதில் கிடைக்காது.

---

நுரைப்பித்தன் (கிறைஸ்ட்சர்ச்)

தூணைத் தொடாதீர்கள். உங்கள் மூன்று தொல்லையில் இரண்டு ஃபெர்மென்டரில்தான் பிறக்கிறது.

நெயில் பாலிஷ் வாடை எத்தில் அசிட்டேட். தொண்டைக் காரம் கன ஆல்கஹால்கள். ஈஸ்ட்டைச் சூட்டில் வேலை வாங்கினால் இரண்டும் வரும். ஆக்லாந்து கராஜில் பிப்ரவரி மாலை 26, 27 டிகிரி சாதாரணம். ஈஸ்ட் மும்முரமாக இருக்கும் முதல் இரண்டு நாள் ஃபெர்மென்டருக்குள்ளே வெளியை விட நாலைந்து டிகிரி கூடவே இருக்கும். ஆக, 18லிருந்து 20 டிகிரியில் இருக்க ஆசைப்படுகிற ஏல் ஈஸ்ட்டை நீங்கள் 30ல் வைத்திருக்கிறீர்கள்.

ட்ரேட் மீ விற்பனைத் தளத்தில் பழைய ஃப்ரிட்ஜ் ஒன்றை எடுங்கள். மேலே ஃப்ரீசர், கீழே ஃப்ரிட்ஜ் என்று இருப்பதை விட முழு உயர ஃப்ரிட்ஜ் நல்லது, 30 லிட்டர் டப்பா தட்டுகளை எடுத்துவிட்டால் நிற்கும். அளவு நாடாவோடு போய்ப் பாருங்கள். கம்ப்ரஸர் மேடு பின்னால் எவ்வளவு இடம் தின்கிறது என்பதை விளம்பரத்தில் யாரும் போட மாட்டார்கள். அதோடு இன்க்பேர்ட் மாதிரி இரட்டைப் பிளக் வெப்பநிலைக் கண்ட்ரோலர் ஒன்று: ஒரு பிளக்கில் ஃப்ரிட்ஜ், இன்னொன்றில் ஹீட் பெல்ட். குளிர்காலத்துக்கு அந்த பெல்ட் வேண்டும்.

முக்கியமானது, சென்சாரைக் காற்றில் தொங்கவிடாதீர்கள். ஃபெர்மென்டரின் பக்கச் சுவரில், உள்ளே திரவம் இருக்கும் உயரத்தில் ஒட்டி, அதன் மேல் கை அகலத்துக்கு ஃபோம் வைத்து டேப் போடுங்கள். காற்றில் விட்டால் ஃப்ரிட்ஜ் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை ஓடி நின்று கம்ப்ரஸர் சாகும், உள்ளே பியர் தன் பாட்டுக்குச் சூடாகவே இருக்கும். கண்ட்ரோலரில் கம்ப்ரஸர் தாமதம் என்று ஒரு அமைப்பு இருக்கும், அதை 5 நிமிடமாவது வையுங்கள்.

ஃப்ரிட்ஜுக்கு இடமே இல்லை என்றால் கோடையில் க்வெய்க் போடுங்கள். நார்வே பண்ணை வீட்டு ஈஸ்ட். 35 டிகிரியிலும் சுத்தமாக முடிக்கும். ஆனால் எல்லா பியரும் ஒரே குணத்துக்கு வந்துவிடும், எனக்கு அது பிடிக்காது.

---

கடலோரக்_காற்று (வெலிங்டன்)

நுரைப்பித்தன் சொன்னதோடு முழுக்க ஒத்துப்போகிறேன். அவர் பியரைத் தவிர வேறெதையும் மதிப்பதில்லை என்பது வேறு விஷயம் :)

இரண்டாவது தொல்லைக்கு வருகிறேன். வாஷிங் மெஷின் தண்ணீர் இழுத்தால் குழாய் அழுத்தம் விழும், ஆவியைக் குளிர்விக்கிற கண்டென்ஸருக்குப் போகிற ஓட்டம் குறையும், ரிஃப்ளக்ஸாகத் திரும்பி இறங்குவது குறையும், தலை சூடேறி கடைசியில் வர வேண்டியதெல்லாம் நடுவில் வந்து கலந்துவிடும். பத்து நிமிடத்தில் மெஷின் நின்றால் நேர்மாறு. தூணை எவ்வளவு உயர்த்தினாலும் தண்ணீர் ஆடினால் எல்லாம் ஆடும்.

மலிவு வழி: தோட்டக் குழாயின் வால்வை வைத்து ஓட்டத்தைச் சரிசெய்யாதீர்கள். அது கால் திருப்பில் முழுக்கத் திறந்துவிடும் சமாசாரம். அழுத்தம் குறைக்கும் வால்வு ஒன்று, அதற்குப் பின்னால் நீடில் வால்வு ஒன்று. முதலாவது வீட்டு அழுத்தத்தை விடக் கீழே ஒரு நிலையான அளவைக் கொடுக்கும், இரண்டாவது ஓட்டத்தை மயிரிழையாகத் திருப்ப உதவும். இந்த இரண்டுக்கும் சேர்த்து உங்கள் பட்ஜெட்டில் சின்னப் பங்குதான்.

கோடையில் ஆக்லாந்தில் தண்ணீர்க் கட்டுப்பாடு வந்தால்? மணிக்கணக்கில் சாக்கடையில் நல்ல தண்ணீரை விடுவது எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் அதே தண்ணீரைச் சுற்றவிடத் தொட்டியும் பம்பும் வைக்கிறவர்கள் கணக்குப் போடாமல் வைக்கிறார்கள். எலிமென்ட் 2 கிலோவாட் என்று வையுங்கள். கொதி வந்த பிறகு அந்தச் சூடு ஏறக்குறைய முழுவதும் கண்டென்ஸர் தண்ணீருக்குத்தான் போகும். 200 லிட்டர் டிரம் மணிக்கு எட்டரை டிகிரி ஏறும். மூன்றரை மணி நேர வடிப்பில் 30 டிகிரி. 20ல் தொடங்கினால் 50ல் முடியும், கடைசி ஒரு மணி நேரம் ஸ்பிரிட் வெதுவெதுப்பாக வடியும். அது வாசனைக்கும் கெடுதல், பாதுகாப்புக்கும் கெடுதல். 400 லிட்டர் வேண்டும், இல்லை என்றால் வழியில் ஃபேனோடு ஒரு ரேடியேட்டர்.

---

சாண்ட்ரிங்காம்_சமையல்

நன்றி, நன்றி. கண்ணைத் திறந்துவிட்டீர்கள். ரேடியேட்டர் என்றால் பழைய கார் ரேடியேட்டர் போதுமா? நண்பர் ஒருவர் மெக்கானிக், சும்மா தருவார்.

இன்னொரு கேள்வி. வாலைக்கு ஒரு பி.ஐ.டி. கண்ட்ரோலர் (வெப்பநிலையைத் தானாக ஒரே அளவில் நிறுத்துவது) வாங்கி 78 டிகிரியில் செட் பண்ணினால் எத்தனால் மட்டும் வரும், மற்றது வராது இல்லையா? மேஷ் பானையில் அப்படித்தானே 66ல் நிறுத்துகிறோம்.

---

வேதியியல்_வாத்தியார் (ஹாமில்டன்)

இந்தக் கேள்வி ஆறு மாதத்துக்கு ஒரு முறை வரும். கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், அடுத்த முறை சுட்டி கொடுத்தால் போதும்.

மேஷ் பானையில் திரவம் கொதிக்கவில்லை. அதனால் 66 என்றால் 66ல் நிற்கும். வாலையில் ஊறல் கொதிக்கிறது. கொதிக்கிற கலவையின் வெப்பநிலையை நீங்கள் தீர்மானிப்பதில்லை, அதில் எவ்வளவு ஆல்கஹால் இருக்கிறது என்பதே தீர்மானிக்கும். 10 சதவீத ஊறல் சுமார் 92, 93 டிகிரியில் கொதிக்கும். ஆல்கஹால் வெளியேற வெளியேற அது மெதுவாக 100ஐ நோக்கி ஏறும். பி.ஐ.டி.யில் 78 வைத்தால் ஊறல் சூடாகும், கொதிக்கவே கொதிக்காது, ஒரு சொட்டும் வராது. தூண் தலையில் சென்சாரை வைத்து எலிமென்ட்டை அணைத்து ஏற்றினால் இன்னும் மோசம். ஆவி ஓட்டம் விட்டு விட்டு வரும், தூணுக்குள் அடுக்கி நின்ற பிரிவு ஒவ்வொரு தடவையும் சரிந்துவிழும்.

உங்களுக்கு வேண்டியது வெப்பநிலைக் கட்டுப்பாடு இல்லை, வாட் கட்டுப்பாடு. எலிமென்ட்டுக்குப் போகிற சக்தியை 2000லிருந்து 1400க்கு இறக்கி அங்கேயே அசையாமல் நிறுத்துகிற கருவி. கடலோரக்_காற்று இதை என்னை விட நன்றாகச் சொல்வார்.

78.4 சுத்தமான எத்தனாலின் கொதிநிலை. தூண் தலையில் 78.2 கிட்ட அசையாமல் நின்றால் உச்ச வலுவுக்கு அருகில் இருக்கிறீர்கள் என்று பொருள். அந்த எண் வடிப்பு எப்படிப் போகிறது என்று காட்டும் அறிகுறி, திருப்புகிற குமிழ் அல்ல.

கார் ரேடியேட்டர்: தண்ணீர்ச் சுற்றில் மட்டும் என்றால் தாராளமாக. ஸ்பிரிட் ஓடுகிற பாதையில் ஒருபோதும் கூடாது. பழைய ரேடியேட்டர்களில் ஈய ஒட்டு இருக்கும், கூலன்ட் மிச்சமும் இருக்கும். அமெரிக்காவில் கள்ளச்சாராயம் குடித்தவர்களுக்கு ஈய விஷம் ஏறியதற்கு ரேடியேட்டரைக் கண்டென்ஸராக வைத்தது ஒரு பெரிய காரணம்.

---

கடலோரக்_காற்று

வாட் கட்டுப்பாடு: நம்மூர் 230 வோல்ட், 10 ஆம்பியர் சாக்கெட். அதாவது ஒரு பிளக்கிலிருந்து 2.3 கிலோவாட்தான் உச்சம். ஃபேஸ்-ஆங்கிள் வகை வாட் கண்ட்ரோலர் ஒன்று போதும். ஆன்லைனில் வருகிற ‘4000 வாட்’ என்று அச்சடித்த பெட்டிகளை நம்பாதீர்கள். பிரித்துப் பார்த்தால் தீப்பெட்டி அளவு அலுமினியத் தகட்டில் ஒரு ட்ரையாக் உட்கார்ந்திருக்கும். செமிகண்டக்டர் சுவிட்ச் எதுவாக இருந்தாலும் ஆம்பியருக்கு ஒரு வாட்டுக்கு மேல் சூடாகவே கழிக்கும். 9 ஆம்பியர் நாலு மணி நேரம் ஓடினால் கை அகல ஹீட்சிங்க்கும் காற்றோட்டமும் வேண்டும். உலோகப் பெட்டி, எர்த், எலக்ட்ரீஷியன். இதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

நீட்டிப்பு ஒயரைச் சுருட்டி வைத்தபடி 2 கிலோவாட் இழுக்கக் கூடாது. முழுக்கப் பிரித்துப் போடுங்கள். கராஜ் சர்க்யூட்டில் ஆர்.சி.டி. (மின்கசிவு வந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறதா என்றும் பாருங்கள். பழைய வீடுகளில் இருக்காது.

---

உயரம்_உத்தமம் (டவுரங்கா)

எல்லாரும் தூணை வேண்டாம் என்கிறீர்கள். என் அனுபவம் வேறு. 60 சென்டிமீட்டர் கூட்டிய பிறகு 91 சதவீதமாக இருந்தது 94க்கு வந்தது. ஜின்னுக்கு வித்தியாசம் தெரிகிறது. சாண்ட்ரிங்காம் அண்ணா, நண்பர் சொன்னதில் தப்பில்லை.

---

வேதியியல்_வாத்தியார்

தப்பில்லை, வரிசைதான் தப்பு. உங்கள் தூணில் என்ன நிரப்பியிருக்கிறீர்கள், தண்ணீர் எங்கிருந்து, ஊறல் எந்த டிகிரியில் புளித்தது? இதெல்லாம் ஏற்கெனவே ஒழுங்காக இருந்தால் உயரம் உதவும். அவருக்கு எதுவுமே ஒழுங்காக இல்லை (கோபித்துக்கொள்ளாதீர்கள் சாண்ட்ரிங்காம்).

கன ஆல்கஹாலும் கந்தகமும் நிறைந்த ஊறலை நீளமான தூணில் வடித்தால், நீளமான நேரம் எடுத்து அதே வாடையைக் கொஞ்சம் குறைவாகக் கொடுக்கும். அவ்வளவுதான்.

---

உயரம்_உத்தமம்

செராமிக் வளையங்கள் நிரப்பியிருக்கிறேன், தண்ணீர் மழைநீர்த் தொட்டி, ஃப்ரிட்ஜ் இருக்கிறது. சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒன்று: தூணைச் சுற்றிக் காப்பு போடுங்கள் என்று யாரும் சொல்லவில்லையே? கராஜ் கதவு திறந்திருந்தால் காற்று அடிக்கிற பக்கம் தூண் குளிர்ந்து ரிஃப்ளக்ஸ் கணக்கே மாறிவிடும். தண்ணீர்க் குழாய்க்குப் போடுகிற ஃபோம் சூடு தாங்குமா என்று பார்த்து வாங்கிச் சுற்றுங்கள். செலவு ஒன்றுமில்லை, பலன் உடனே தெரியும்.

---

நுரைப்பித்தன்

இதை நானும் ஒத்துக்கொள்கிறேன். ஒரு வாலைக்காரரோடு ஒத்துப்போவது இந்த வருஷத்தில் இதுவே முதல் முறை.

---

யாழ்ப்பனை (ஹாமில்டன்)

தம்பி சாண்ட்ரிங்காம், அந்தப் புழுக்க வாடையைப் பற்றி ஒருத்தரும் சரியாகக் கேக்கேல்லை. அவிச்ச முட்டை, அழுகின கோவா (முட்டைக்கோஸ்) மாதிரியோ, இல்லை ஈரச் சாக்கு மாதிரியோ? முதலாவது எண்டால் கந்தகம். உங்கட தூண் முழுக்க ஸ்டெயின்லெஸ் எண்டு நினைக்கிறன். செம்பு எங்கயாவது ஆவிப் பாதையில இருக்க வேணும். செம்புதான் கந்தகத்தைப் பிடிச்சு வைக்கும். ஸ்கொட்லாந்துக்காரர் பெரிய செம்புப் பானையில வடிக்கிறது வடிவுக்காக இல்லை.

புதுத் தூண் வாங்கத் தேவையில்லை. சுத்தமான செப்புக் கம்பி வலையைச் சுருட்டித் தூணின்ர அடிப்பக்கம் ஒரு சாண் உயரத்துக்கு வையுங்கோ. இறுக்கி அடைக்காதேங்கோ. அடைச்சால் ஆவி போக வழியில்லாமல் அமுக்கம் ஏறும், அது விளையாட்டில்லை. வெளிச்சத்துக்குப் பிடிச்சால் ஊடே வெளிச்சம் தெரிய வேணும். வடிச்சு முடிஞ்சதும் எடுத்துப் பாருங்கோ, கறுத்துப் போயிருக்கும். அந்தக் கறுப்புத்தான் உங்கட போத்திலுக்குள்ள வராமல் நிண்டது. வெந்நீரில சிற்றிக் அமிலம் கரைச்சு ஊற வைச்சால் திருப்பிச் சிவக்கும். வலை மெலிஞ்சு உதிரத் தொடங்கினால் எறிஞ்சிட்டுப் புதுசு வையுங்கோ.

கரியைப் பற்றி: 90 சதவீதத்தில அப்பிடியே கரிக்குள்ள ஊத்திறியளோ? 40, 50க்குத் தண்ணி கலந்து போட்டு விடுங்கோ. வலு கூடின ஸ்பிரிட்டில கரி ஒண்டையும் பிடிக்காது.

---

சாண்ட்ரிங்காம்_சமையல்

அண்ணா, முட்டை வாடையேதான். தூண் ஸ்டெயின்லெஸ். கரியில் நேராகத்தான் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

அடுத்து வெல்ல ரம் செய்ய ஆசை. இங்கே இந்தியக் கடையில் நல்ல மஞ்சள் அச்சு வெல்லம் கிடைக்கிறது, கருப்பட்டியும் எப்போதாவது வரும். எது நல்லது?

---

யாழ்ப்பனை

பளிச்செண்டு மஞ்சளா இருக்கிற வெல்லத்தை விட்டுடுங்கோ. நிறம் வெளுக்க ஹைட்ராஸ் போட்டிருப்பாங்கள், அது கந்தகச் சாமான். ஏற்கெனவே உங்களுக்கு முட்டை வாடைப் பிரச்சினை. கடும் பழுப்பு நிறத்தில, கொஞ்சம் பிசுபிசுப்பா, பாக்க வடிவில்லாமல் இருக்கிறதை வாங்குங்கோ.

கருப்பட்டி மணத்துக்கு நிகரில்லை, ஆனால் விலையும் அப்பிடித்தான். அதில ஒரு விசயம் கவனிக்க வேணும். பதநீர் இறக்கேக்க முட்டிக்குள்ள சுண்ணாம்பு தடவுவினம், புளிக்காமல் இருக்கிறதுக்கு. அந்தச் சுண்ணாம்பின்ர மிச்சம் கருப்பட்டிக்குள்ளயும் கிடக்கும். ஈஸ்ட்டுக்கு புளிப்புப் பிடிக்கும், சுண்ணாம்பு பிடிக்காது. பி.எச். தாளில பாத்து, 5 கிட்ட வரும் வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமா சிற்றிக் அமிலம் போடுங்கோ. கொதிக்க வைச்சுக் கரைச்சு, ஆற விட்டு, அடியில தங்கிற மண்ணை விட்டு மேலால ஊத்துங்கோ. பனம் சிராயும் கல்லும் கூட வரும்.

நான் செய்யிறது பாதிக்குப் பாதி: வெல்லம் அடிக்கு, கருப்பட்டி மணத்துக்கு. 25 லிட்டருக்கு மொத்தம் 5 கிலோ. லிட்டருக்கு 17 கிராம் சர்க்கரை ஒரு சதவீத ஆல்கஹால் எண்டு கணக்கு வைச்சால், வெல்லம் முழுக்கச் சர்க்கரை இல்லாதபடியால் 10 சதவீதம் கிட்ட வரும். அடர்த்தி பாக்கிற ஹைட்ரோமீற்றர் தொடக்கத்தில 1.065 பக்கம் காட்டும். அதுக்கு மேல பேராசைப்படாதேங்கோ. ரம் ஈஸ்ட்டும், கொஞ்சம் ஈஸ்ட் உணவும் போடுங்கோ. வெல்லத்தில சத்து இருக்கெண்டு நம்பி விட்டால் பாதியில படுத்திடும்.

ஒரு முக்கியமான விசயம்: ரம்முக்கு ரிஃப்ளக்ஸ் தூண் வேண்டாம். தூணில்லாத வெறும் பானைத் தலை போதும். தூணில வடிச்சால் கருப்பட்டி எங்க போனது எண்டே தெரியாது.

---

நுரைப்பித்தன்

வெல்ல ஊறல் வடிக்கிறவர்களுக்கு ஒரு பியர்க்காரனின் வேண்டுகோள். பாத்திரத்துக்கு உள்ளேயே எலிமென்ட் இருந்தால் ஊறல் முழுக்கத் தெளிந்த பிறகு ஊற்றுங்கள். ஈஸ்ட் வண்டலோடு ஊற்றினால் எலிமென்ட்டில் கருகும், அந்தக் கருகல் வாடை ஸ்பிரிட்டிலிருந்து எதற்கும் போகாது. ஃப்ரிட்ஜ் வாங்கியிருந்தால் இரண்டு நாள் 4 டிகிரியில் வைத்தால் தானாகவே கண்ணாடி மாதிரித் தெளிந்துவிடும். பாருங்கள், மறுபடியும் ஃப்ரிட்ஜ்தான்.

---

புதுமுகம்_பாமர்ஸ்டன்

இழையைப் படித்துக்கொண்டிருக்கிறேன். பயத்தோடு ஒரு கேள்வி. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் மெத்தனால் சாராயம் குடித்து இறந்தார்கள். வீட்டில் வடித்தால் அந்த ஆபத்து நமக்கும் இல்லையா?

---

உயரம்_உத்தமம்

முதல் 200 மில்லியைக் கொட்டிவிட்டால் மெத்தனால் எல்லாம் போய்விடும். கவலை வேண்டாம்.

---

வேதியியல்_வாத்தியார்

பதில் அவ்வளவு சுலபமில்லை. இதைப் பொறுமையாகப் படியுங்கள்.

கள்ளக்குறிச்சியில் நடந்தது வடிப்பில் வந்த பிழை இல்லை. தொழிற்சாலை மெத்தனாலைச் சாராயம் என்று கலந்து விற்றார்கள். சர்க்கரை, வெல்லம், மால்ட் ஊறலைப் புளிக்க வைத்தால் மெத்தனால் ஏறக்குறைய உண்டாவதே இல்லை. அது பழத்தோலிலும் சதையிலும் உள்ள பெக்டினிலிருந்து வருவது. ஊறலில் இல்லாததை வாலை உண்டாக்காது. இருக்கிறதைப் பிரிக்கவும் செறிவாக்கவும் மட்டுமே செய்யும்.

இரண்டாவது, முதல்வடியைக் கொட்டினால் மெத்தனால் போய்விடும் என்பது பாதிதான் உண்மை. மெத்தனால் 64.7 டிகிரியில் கொதிக்கும் என்பது தனியாக இருக்கும்போது. தண்ணீரோடும் எத்தனாலோடும் கலந்து இருக்கும்போது அது முதலிலேயே மொத்தமாக ஓடிவிடாது. சாதாரணப் பானைத் தலையில் வடிப்பு முழுக்கவே கொஞ்சம் கொஞ்சமாக வந்துகொண்டிருக்கும். முதல்வடியைக் கொட்டுவது அசிட்டோன், அசிட்டால்டிஹைடு, எத்தில் அசிட்டேட் இவற்றுக்காக. அவைதான் வாடையும் மறுநாள் தலைவலியும். ஆகவே கொட்டுங்கள், கண்டிப்பாகக் கொட்டுங்கள். ஆனால் எங்கிருந்தோ வந்த சந்தேகமான ஸ்பிரிட்டை மறுபடி வடித்து முதல்வடியைக் கொட்டினால் குடிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உயிர் போகும். எரித்துப் பார்த்துச் சுடரின் நிறத்தைச் சொல்வதும் சோதனை இல்லை.

வீட்டு வாலையில் உண்மையான ஆபத்து நெருப்பு. காற்றில் எத்தனால் ஆவி 3.3 சதவீதம் இருந்தாலே பற்றும். காற்றை விடக் கனம் என்பதால் தரையோடு ஊர்ந்து போகும், ஹீட்டர் பைலட் சுடர் எங்கே இருக்கிறதோ அங்கே போய் நிற்கும். பகல் வெளிச்சத்தில் எரிகிற சுடர் கண்ணுக்கே தெரியாது. கேஸ் அடுப்பு வேண்டாம். வடிகிற இடத்தில் பிளாஸ்டிக் கேன் வேண்டாம், கண்ணாடி அல்லது ஸ்டெயின்லெஸ், வாய் திறந்தபடி. அப்புறம் வாலையை ஓடவிட்டுக் கடைக்குப் போகாதீர்கள்.

---

யாழ்ப்பனை

வாத்தியார் சொன்னது முழுக்கச் சரி. இரண்டாந்தரம் வடிக்கிறவைக்கு இன்னொண்டு: பானைக்குள்ள ஊத்திறது 40 சதவீதத்துக்குக் கீழ இருக்க வேணும், தண்ணி கலந்து இறக்குங்கோ. கடைசியில எலிமென்ற் திரவத்துக்கு வெளிய தலை காட்டக் கூடாது.

முதல்வடி, நடுவடி, கடைவடி பிரிக்கிறதுக்கு வெப்பமானியைப் பாத்துக்கொண்டு நிக்காதேங்கோ. 200 மில்லிச் சின்னக் கண்ணாடிப் போத்தில்களை வரிசையா வைச்சு நம்பர் போடுங்கோ. ஒவ்வொண்டா நிரப்பி, மெல்லிய துணியால மூடி ஒரு நாள் விடுங்கோ. அடுத்த நாள் ஒரு சொட்டை உள்ளங்கையில தேய்ச்சு மணந்து பாருங்கோ. முன் போத்தில்கள் மூக்கைக் குத்தும், பின் போத்தில்கள் ஈரக் கடதாசி மட்டை மாதிரி இருக்கும். நடுவில இனிப்பா வாற போத்தில்களை மட்டும் எடுத்துக் கலக்குங்கோ. மிச்சத்தை அடுத்த வடிப்புக்குச் சேர்க்கலாம், முதல் இரண்டு போத்திலைத் தவிர. அது கண்ணாடி துடைக்க.

---

நுரைப்பித்தன்

பியர் பக்கத்தில் இன்னும் இரண்டு விஷயம், இழை வாலைக்காரர்கள் கையில் போவதற்குள்.

தண்ணீர். ஆக்லாந்துக் குழாய்த் தண்ணீரில் குளோரின் உண்டு. எங்கள் ஊரில் 2018 வரை குளோரின் போடாமலே விட்டார்கள், அதற்குப் பிறகு போடுகிறார்கள். அன்றிலிருந்து நானும் குளோரினைப் போக்கும் கேம்ப்டன் மாத்திரைக்காரன். 30 லிட்டருக்கு அரை மாத்திரையைப் பொடித்துக் கலக்கினால் போதும். செய்யாவிட்டால் மருந்துக்கடை வாடை வரும், அதை எல்லாரும் ஈஸ்ட் தலையில் போடுவார்கள்.

அடுத்து உங்கள் பிளாஸ்டிக் ஃபெர்மென்டர்கள். உள்ளே கீறல் விழுந்திருந்தால் கிருமி அங்கே குடியிருக்கும், எந்தக் கிருமிநாசினியும் எட்டாது. குழாயைக் கழற்றி உள்ளே பாருங்கள். மரையில் பழைய ஈஸ்ட் பசை காய்ந்திருக்கும். பெரும்பாலான புளிப்பு பியரின் ஊர் அந்தக் குழாய்தான். புதுக் குழாய்கள் வாங்கிவிடுங்கள், சில டாலர்தான்.

---

சாண்ட்ரிங்காம்_சமையல்

பழைய குழாயைக் கழற்றிப் பார்த்தேன். எழுதவே கூச்சமாக இருக்கிறது. இரண்டையும் குப்பையில் போட்டாயிற்று.

முடிவு பண்ணியது: பழைய ஃப்ரிட்ஜ், இரட்டைக் கண்ட்ரோலர், ஹீட் பெல்ட். அழுத்தம் குறைக்கும் வால்வும் நீடில் வால்வும். செப்பு வலை. எலக்ட்ரீஷியன் கையால் வாட் கண்ட்ரோலர். காப்பு ஃபோம். கராஜுக்கு ஒரு பவுடர் தீயணைப்பான். கூட்டிப் பார்த்தால் 600க்குள் அடங்கும் போலிருக்கிறது, எலக்ட்ரீஷியன் என்ன கேட்கிறார் என்பதைப் பொறுத்து. தூண் நீட்டிப்பு அடுத்த வருஷம் யோசிக்கலாம். டிரம், பம்ப், ரேடியேட்டர் எல்லாம் நண்பரிடமிருந்து மெதுவாக வரும்.

அந்தப் பம்பைப் பற்றி ஒன்று கேட்க வேண்டும். வடிக்கும்போது பம்ப் நின்றுவிட்டால்?

---

கடலோரக்_காற்று

சரியான கேள்வி. குழாயில் விடும்போது தண்ணீர் நிற்பது அபூர்வம். பம்ப் நிற்பது சாதாரணம். இலை அடைக்கும், ஹோஸ் மடங்கும், ஃபியூஸ் போகும். கண்டென்ஸரில் தண்ணீர் இல்லை என்றால் நிமிடத்துக்குள் சூடான ஆவி நேராக கராஜுக்குள் வரும். அதனால் டிரம்முக்கு மாறுகிற அன்றே ஃப்ளோ சுவிட்ச் (தண்ணீர் ஓடுகிறதா என்று பார்க்கும் சுவிட்ச்) இருக்க வேண்டும். தண்ணீர் நின்றால் எலிமென்ட் அணைய வேண்டும், மறுபடி தானாக எரியவும் கூடாது. நீங்கள் வந்து பட்டனை அழுத்தினால்தான் எரிய வேண்டும்.

எலிமென்ட்டின் 9 ஆம்பியரை அந்தச் சின்ன சுவிட்ச் வழியாக விடாதீர்கள், பல்லிளித்துவிடும். சுவிட்ச் ஒரு கான்டாக்டரை, அதாவது பெரிய மின்சாரத்தைத் தாங்கும் மின்காந்த சுவிட்சை, இயக்கட்டும், கான்டாக்டர் எலிமென்ட்டை அணைக்கட்டும். எலக்ட்ரீஷியன் வரும்போதே இதையும் சொல்லிவிடுங்கள், தனியாக வரவழைத்தால் தனிச் செலவு.

---

உயரம்_உத்தமம்

ஃப்ளோ சுவிட்சை பம்ப்புக்குப் பக்கத்தில் போடலாமா, தூணுக்குப் பக்கத்திலா?

---

கடலோரக்_காற்று

இரண்டும் இல்லை. கண்டென்ஸரை விட்டு வெளியே வருகிற குழாயில் போடுங்கள். பம்ப் பக்கத்தில் போட்டால், நடுவில் ஹோஸ் கழன்று கராஜ் முழுக்கத் தண்ணீர் ஓடினாலும் சுவிட்ச் எல்லாம் சரி என்றே சொல்லும். வெளியேறுகிற பக்கம் போட்டால் தண்ணீர் கண்டென்ஸர் வழியாக உண்மையிலேயே போனால்தான் சுவிட்ச் இணைப்புக் கொடுக்கும். சூட்டைத் தாங்கும் மாடலாகப் பாருங்கள், அந்தப் பக்கத் தண்ணீர் 60 டிகிரிக்கும் வரலாம்.

மாட்டிய பிறகு வாலையில் வெறும் தண்ணீரை ஊற்றிக் கொதிக்க வைத்து, ஓடும்போதே ஹோஸை மடக்கிப் பாருங்கள். எலிமென்ட் அணைந்தால் ஊறலை ஊற்றலாம். அணையவில்லை என்றால் இங்கே வந்து எழுதுங்கள்.

---

சாண்ட்ரிங்காம்_சமையல்

சரி. எலக்ட்ரீஷியன் வியாழக்கிழமை வருகிறார். கான்டாக்டர் எத்தனை ஆம்பியரில் வாங்கி வைக்கட்டும்?

---

கடலோரக்_காற்று

20 ஆம்பியர் ரெசிஸ்டிவ் லோடுக்கு என்று எழுதியிருப்பது. கான்டாக்டரை இழுக்கிற மின்சுருள் 230 வோல்ட் வேண்டாம், 24 வோல்ட் சுருள் உள்ளதாக வாங்குங்கள், கூடவே அதற்கான சின்ன டிரான்ஸ்ஃபார்மர். ஃப்ளோ சுவிட்சுக்காகத் தண்ணீர் ஓடுகிற இடத்துக்குப் போகிற ஒயர் அது.